அர்த்தநாரி வீட்டுப் பஞ்சு

எங்க வீட்ல மொதமொதல்ல கீழ விழுந்த பேச்சு, இப்ப யோசிச்சுப் பாத்தா, "உப்பு போதுமா"ங்கறதுதான். என் வீட்டுக்காரரு மத்தியானச் சோத்துக்கு உக்காந்திருந்தாரு, நான் கேட்டேன், அது அவரு காதுல ஏறல, ஏறாத பேச்சு வேற போக்கிடம் தெரியாம அவரு தட்டத்துக்குப் பக்கத்துல ஒரு துளிப் பஞ்சா விழுந்துச்சு, நான் எச்சத் தட்டத்தை எடுக்கறப்போ அதையும் சேத்து வழிச்சுக் கொண்டுபோயிப் பின்னாடி காலி மனையில கொட்டிட்டு வந்தேன். அதுக்கப்புறம் ஏழு வருசம் தெனமும் கூட்டிக் கூட்டி அதே மனையில கொட்டியிருக்கேன். கொட்டுனது என்னோட பேச்சுன்னு எனக்குத் தெரியாது.

ஏம்மா, பேச்சு பஞ்சா விழுதே, அது உங்களுக்கு அதிசயமாத் தெரியலையான்னு வெளியூர்க்காரங்க கேக்கறாங்க. எங்க ஊர்ல வந்து ஒரு நாள் குடியிருந்துட்டு அப்புறம் கேக்கச் சொல்லுங்க. காவேரிக்கு இந்தக் கரையில, பள்ளிபாளையத்துக்கு அக்கட்ட, வீட்டுக்கு வீடு விசைத்தறி ஓடுது. சோத்துல பஞ்சு, தலையில பஞ்சு, சாமி படத்து மேல பஞ்சு, தொட்டில்ல கெடக்கற கொழந்தை புருவத்துல பஞ்சு. பஞ்சு விழுதேன்னு தலையைத் தூக்கி மேல பாத்துக்கிட்டு நின்னா எங்க ஊர்ல ஒருத்தி குடும்பம் பண்ண முடியுமா? விளக்குமாத்த எடுத்தமா கூட்டுனமான்னு போக வேண்டியதுதான்.

காதும் அப்படித்தான். நாப்பது தாண்டுன ஆம்பளைக்கு எங்க ஊர்ல காது மந்தம், அதுக்குத் தறிக்காதுன்னு பேரு, அதை ஒரு நோவுன்னு யாரும் நெனைக்கறதில்ல, தலை நரைக்குது, காது அடைக்குது, அவ்வளவுதான். அம்பது வயசுல ஒருத்தனுக்குக் காது நல்லாக் கேக்குதுன்னா, இவன் ஒழுங்காத் தறி ஓட்டலையாட்ட இருக்குதேன்னுதான் சந்தேகப்படுவாங்க. மாப்பிள்ளைக்கு இந்த வயசுலயே தறிக்காதுன்னு தரகர் சொன்னா, பரவால்ல, பையன் உழைப்பாளின்னு பொண்ணு வீட்ல தட்டை மாத்திருவாங்க.

அந்தச் சத்தத்துக்குள்ள பேசறதுக்கு எங்களுக்குக் கை இருக்குது. கையைக் குவிச்சு வாய்க்குக் கொண்டுபோனாச் சோறு. ரெண்டு விரலை ஆட்டுனா டீ. உள்ளங்கையைக் கன்னத்துல வெச்சாத் தூக்கம். மணிக்கட்டைத் திருகுனா ரிப்பேரு. பட்டறைக்குப் புதுசா ஒரு ஆள் வந்து நின்னான்னா, கட்டைவிரலைத் தோளுக்குப் பின்னாடி காட்டிப் புருவத்தைத் தூக்குவாங்க, நீ எந்தப் பட்டறை ஆளுன்னு அர்த்தம். மொத்தமே இருவது இருவத்தஞ்சு சாடைதான், அதை வெச்சுக்கிட்டே பட்டறைக்குள்ள ஆயுசை ஓட்டிருவாங்க. பட்டறைக்கு அது போதும். வீட்டுக்கும் அது போதும்னு நெனைச்சம் பாருங்க, அதுதான் நாங்க பண்ணுன தப்பு.

என் வீட்டுக்காரரு பேரைச் சொல்லக் கூடாதும்பாங்க. அந்தக் கூச்சமெல்லாம் எனக்கு எப்பவோ போயிருச்சு, சொல்றேன், அர்த்தநாரி. தறி ஃபிட்டரு. நாலு தெருவுல எந்தத் தறி மக்கர் பண்ணுனாலும் அவரைத்தான் கூப்புடுவாங்க. போவாரு, யாரையும் ஒரு வார்த்தை கேக்க மாட்டாரு, நீள ஸ்பேனரோட ஒரு முனையைத் தறி மேல ஊனுவாரு, மறு முனையைக் காதுல வெச்சுக்குவாரு, கண்ணை மூடிக்கிட்டு நிப்பாரு, அப்புறம் இன்ன எடத்துல பல்லு தேஞ்சிருக்குது, இன்ன போல்ட்டு லூசுன்னு சொல்லுவாரு, கழட்டிப் பாத்தா அதேதான் இருக்கும். காது போனதுக்கு அப்புறமும் அந்த ஸ்பேனர் வழியா ரொம்ப நாளைக்கு வேலை பாத்தாரு. அந்தக் கர்வம் அவருக்கு உண்டு. அந்தக் கர்வந்தான் எங்க குடியைக் கெடுத்துச்சு.

மொதல்ல நான் எதையும் ரெண்டு தடவை சொல்லுவேன். அப்புறம் மூணு தடவை ஆச்சு. அப்புறம் கத்துனேன். கத்தறதுல இருக்கற கொடுமை என்னன்னா, முருங்கக்கா வாங்கட்டுமான்னு கேட்டாலும் அது சண்டை மாதிரியே இருக்கும், எதுத்த வீட்டுக்காரி என்னமோ ஏதோன்னு எட்டிப் பாப்பா, அவரு மூஞ்சியும் சுண்டிப்போகும். சந்தோசமான சமாச்சாரத்தைக் கத்திச் சொல்லிப் பாருங்க, மூணாவது தடவை சொல்றப்போ அதுல சந்தோசம் இருக்காது. எம் பொண்ணு மேகலாவுக்கு சேலத்துல டீச்சர் வேலை கெடச்சதை நான் அஞ்சு தடவை சொன்னேன். அஞ்சாவது தடவை அழுதுக்கிட்டே சொன்னேன், அவரு யாரோ செத்துட்டாங்கன்னு நெனைச்சு சட்டையை எடுத்து மாட்டிக்கிட்டுக் கெளம்பிட்டாரு. அதுக்கப்புறம் அவசியமானதை மட்டுந்தான் சொன்னேன். மத்ததையெல்லாம் சும்மா அவரு பக்கத்துல உக்காந்து முணுமுணுத்துக்குவேன்.

பஞ்சோட சங்கதி தெரிஞ்சது ஒரு ஆயுத பூசை அன்னைக்கு. அன்னைக்கு ஊர்ல ஒரு தறி ஓடாது. எல்லாத்தையும் தொடச்சுச் சந்தனம் வெச்சு மாலை போட்டு நிறுத்தியிருப்பாங்க, வருசத்துக்கு ஒருக்கா அன்னைக்குத்தான் எங்க ஊருக் காத்து சுத்தமா இருக்கும். நான் காலையில வீட்டைக் கழுவி உட்டிருந்தேன். அவரு நாற்காலியில உக்காந்திருந்தாரு, நான் டீயை வெச்சுட்டு ரெண்டு வார்த்தை சொல்லிட்டுத் திரும்புனேன், கழுவுன தரையில ரெண்டு துளிப் பஞ்சு கெடந்துச்சு. தறி ஓடாத நாள்ல பஞ்சு எங்கருந்து வந்துச்சுன்னு எடுத்துப் பாத்தேன். சூடா இருந்துச்சு. காதுகிட்டக் கொண்டுபோனா அதுக்குள்ள என் கொரலு, "டீ ஆறுதுங்க"ன்னுது. அடுத்ததை எடுத்தேன், "மாத்திரை போட்டீங்களா"ன்னுது.

ஆச்சரியமெல்லாம் படல, எனக்கு ஆத்திரந்தான் வந்துச்சு. பின்னாடி காலி மனைக்கு ஓடிப் பாத்தேன். ஏழு வருசப் பஞ்சு மதிலு ஒசரத்துக்குக் கெடக்குது, மழைக்கு நனையல, வெயிலுக்குக் கருகல, ஒரு பிடி எடுத்தா "ஏனுங்க", இன்னொரு பிடி எடுத்தா "ஏனுங்க, உங்களத்தான்", அடியில கையை உட்டு எடுத்தா "மேகலாவுக்கு வேலை கெடச்சிருச்சுங்க". ஒரு மனுசிக்கு எங்க போயி முட்டிக்கறதுன்னு தோணுமா தோணாதா? அத்தனையும் மண்ணுல கொட்டறதுக்கா நான் தொண்டைத்தண்ணி வத்தப் பேசுனேன்? கீழ விழறதுக்கு எதுக்குப் பேசணும்னு அன்னைக்கே வாயை மூடுனேன். அதுக்கப்புறம் ரெண்டு வருசம் அவருகிட்டக் கையிலதான் எல்லாம். சோறு, டீ, குளி, தூங்கு. கோவத்துலதான் அப்படிப் பண்ணுனேன், ஒத்துக்கறேன். ஆனா வாயை மூடுனதும் வீடு கூட்டற வேலை மிச்சமாச்சு, அது சௌகரியமாவும் இருந்துச்சு. அதையும் ஒத்துக்கறேன்.

விசயம் ஊருக்குத் தெரிஞ்சது குப்பை வண்டி பொம்மக்காவால. மனையைச் சுத்தம் பண்ணிக் குடும்மான்னு நான் கேட்டதுக்கு ஒரு நடை எடுத்துட்டுப் போனா, மறுநாள் வந்து இனிமே எடுக்க மாட்டேன்னு நின்னுட்டா. தறிச்சத்தமில்லாத குப்பைக் கெடங்குல போட்டதுல இருந்து அது ஏனுங்க ஏனுங்கன்னு கூப்புட்டுக்கிட்டே கெடக்குதாம், நாயெல்லாம் ஒதுங்கி நிக்குதாம். அதுவுமில்லாம இது மக்கற குப்பையா மக்காத குப்பையா, பச்சை டப்பாவா நீல டப்பாவான்னு அவளுக்குத் தெரியல. வார்டு மெம்பரு வந்தாரு, சுகாதார ஆபீசரு வந்தாரு, ஆளுக்கொரு பிடி எடுத்துக் காதுல வெச்சுக் கேட்டாங்க, ஏழு வருசமா மக்காததால இது மக்காத குப்பைதான்னு முடிவு பண்ணி எழுதிக்கிட்டுப் போனாங்க. இது ஏன் விழுதுன்னு ஒருத்தரும் கேக்கல. எந்த டப்பாங்கறதுதான் அவங்களுக்குப் பெரிய கவலை.

அப்புறம் மெத்தைக்கடை ஜமால் பாய் வந்தாரு. பஞ்சைப் பிச்சுப் பாத்தாரு, அமுக்கிப் பாத்தாரு, ஊதிப் பாத்தாரு, தங்கச்சி, இந்த மாதிரிச் சரக்கு நான் தொட்டதில்லைம்மான்னாரு. மனையில கெடந்ததை மூட்டை கட்டி எடுத்துட்டுப் போயித் தலகாணி தெச்சாரு. ரெண்டே மாசத்துல நாலு தெருவுலயும் என் பேச்சு மேலதான் சனம் தலையை வெச்சுப் படுத்துச்சு. மெம்பரு சம்சாரத்துக்குத் தூக்கம் வராம இருந்துச்சாம், இந்தத் தலகாணி "பொழுதாச்சு, படுங்க"ன்னு சொல்லச் சொல்லச் சொக்கிருதாம். மளிகைக்கடை மருமவளுக்குக் கெடச்ச தலகாணியில பூராவும் நான் மாத்திரைக்குச் சண்டை போட்டது, அவ பாவம் மாமியாகிட்டயும் வாங்கிக்கிட்டுத் தலகாணிகிட்டயும் வாங்கிக்கிட்டா. எங்க பக்கத்து வீட்டுச் சின்னுசாமி அண்ணன், சம்சாரத்தைப் பறிகொடுத்தவரு, அவரு தலகாணி "சாப்புட்டாச்சுங்களா"ன்னு கேக்கும். அவரு அதை மடியில வெச்சுக்கிட்டுச் சாப்பிட உக்காருவாரு.

சனத்துக்கு ஒரு பழக்கம், ஒண்ணு சும்மாக் கெடைச்சா உடாதுங்க. நான் பேசறதை நிறுத்துனதும் பஞ்சு கொறஞ்சுபோச்சுன்னு அவங்களே பேச வந்துட்டாங்க. மத்தியானமானா எங்க வாசல்ல செருப்பாக் கெடக்கும். ஒருத்தரா வந்து அவரு முன்னால உக்காந்து மனசுல கெடக்கறதையெல்லாம் கொட்டுவாங்க, மாமியாளைத் திட்டுனது, தம்பி நெலத்துல ஒரு அடி தள்ளிக் கல்லு நட்டது, கட்டிக்க ஆசைப்பட்டுக் கட்டாத மாமன் பையன் கதை. அவருக்கு ஒண்ணும் ஏறாது. ஆளு வந்து உக்காந்தாத் தலையாட்டணும்னு மட்டும் தெரியும், சிரிச்சுக்கிட்டே ஆட்டுவாரு. பேசுனவங்க விழுந்த பஞ்சைப் பையில அள்ளிக்கிட்டு, பாரம் எறங்குன மாதிரி இருக்குதுங்கக்கான்னு எங்கிட்டச் சொல்லிட்டுப் போவாங்க. ஒரு அம்மா சூடம் பொருத்தி வெச்சுட்டுப் போச்சு. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. அந்தப் பாரமெல்லாம் எறங்கி எங்க போச்சு? அந்த மனுசன் மூஞ்சியை ஒருத்தராவது நேருக்கு நேரா பாத்தீங்களாடி?

ஏன்னா அந்த மூஞ்சி மாறிக்கிட்டே இருந்துச்சு. ஸ்பேனரை அரிசிக் குண்டாவுல போட்டு மூடி வெச்சிருந்தாரு. இருவது வருசமாப் போன பட்டறைக்குக் கெளம்பி ஆத்தங்கரைக்குப் போயி நின்னாரு. எப்பவோ செத்துப்போன அவங்க அண்ணனுக்கு எடம் உட்டுத் திண்டுல ஒதுங்கி உக்காந்தாரு. என்ன கேட்டாலும் பதில் மாத்தித்தான் வரும், ஆனா தறிக்காதுக்காரன் என்னைக்கு நேரான பதில் சொல்லியிருக்கான்? காது கேக்கல, அதான் தப்பாச் சொல்றாருன்னு ஊரு சொல்லுச்சு. நானும் அதைத்தான் சொன்னேன். காதுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டு இன்னொண்ணு உள்ள வந்துருச்சு, நாங்க காதையே பாத்துக்கிட்டு இருந்துட்டோம்.

மேகலா பொங்கலுக்கு வந்தா. மூணு நாள் அப்பாவையே பாத்துக்கிட்டு இருந்தா, நாலாவது நாள் சமையக்கட்டுல வந்து நின்னு, அம்மா, நீ அப்பாகிட்ட எப்பம்மா கடைசியாப் பேசுனேன்னு கேட்டா. நான் கையில பேசறேனேன்னு சொன்னேன். அவ அன்னைக்கே கார் வெச்சு எங்க ரெண்டு பேரையும் ஈரோட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போயிட்டா.

அங்க ஒரு கண்ணாடி ரூமுக்குள்ள அவரை உக்கார வெச்சுக் காதுல மாட்டி என்னென்னமோ சத்தம் குடுத்துப் பாத்தாங்க. கோடு கோடா ஒரு படம் வந்துச்சு, கோடெல்லாம் கீழ எறங்கியே போயிருந்துச்சு. பக்கத்து ரூமுல எல்லாத்தையும் எழுதிக் காட்டிக் கேட்டாங்க. கடிகாரம் வரையச் சொன்னதுக்கு வட்டம் சுத்தமாப் போட்டாரு, கை ஃபிட்டரு கையாச்சே, ஆனா பன்னெண்டு நம்பரையும் ஒரே பக்கம் அடுக்கிட்டு, சரிதானேன்னு எம் மூஞ்சியைப் பாத்தாரு. டாக்டரம்மா சின்ன வயசுப் பொண்ணு. அது அவருகிட்டப் பேசப் பேசப் பஞ்சு விழுந்துச்சு, ஆயா வந்து கூட்டி அள்ளிக்கிட்டுப் போச்சு. தெனம் நாலு பை சேருதும்மான்னு சலிச்சுக்குச்சு.

டாக்டரம்மா எங்கிட்டத் திரும்பிச் சொல்லுச்சு: "காது போனா அது காதோட நிக்கறதில்லைங்கம்மா. கேக்காததைப் புடிக்கறதுக்கே மூளை அலுத்துப்போயிரும். கேக்கலைன்னா ஆளுகளோட பேச்சு கொறையும், பேச்சு கொறைஞ்சா மூளைக்கு வேலை கொறையும். காது கேக்காத எல்லாருக்கும் இந்த மறதி வரும்னு நான் சொல்லல. ஆனா வர்றதுக்கு வாய்ப்பு கூடும். எத்தனை வருசமா இப்படி?"

ஒம்பது வருசம்னு சொன்னேன். ஏன் இவ்வளவு நாளாக் கூட்டிட்டு வரலைன்னு கேட்டுச்சு. எங்க ஊர்ல எல்லாருக்கும் இப்படித்தானுங்கன்னு சொன்னேன். எனக்கே அது எவ்வளவு கேவலமா இருந்துச்சுன்னு அங்க உக்காந்திருந்தப்பதான் தெரிஞ்சுது. இப்ப மெஷின் வெச்சாப் போனது திரும்பி வருமான்னு மேகலா கேட்டா. போனது வரும்னு சொல்ல முடியாது, இருக்கறதோட பேசலாம், பேசுங்கன்னு டாக்டரம்மா சொல்லுச்சு.

மெஷின் வந்துச்சு. மொச்சைக்கொட்டை அளவு ரெண்டு. அவரு வெக்க உடல. காதுகிட்டக் கையைக் கொண்டுபோனாலே தட்டி உட்டாரு. மேகலா எழுதிக் காட்டுனா, அப்பா, இது காதுக்கு மெஷின்னு. எழுத்து அன்னைக்கு அவருக்கு நல்லாத்தான் வெளங்குச்சு. ரொம்ப நாளைக்கப்புறம் முழுசா ஒரு வாக்கியம் பேசுனாரு, பேசாமலே இருந்திருக்கலாம். "ஆயிரம் மெஷினுக்கு நான் காது வெச்சு நோவு சொல்லியிருக்கேன். எங் காதுக்கு ஒரு மெஷினா?"

டப்பாவை மூடி பீரோவுல வெச்சேன். மேகலா லீவு முடிஞ்சு அழுதுக்கிட்டே போனா. ஊர்ல என்ன சொன்னாங்க தெரியுமா? பாவம், அவரு பாட்டுக்குச் சிரிச்சுக்கிட்டு நிம்மதியா இருக்காரு, அவரைப் போயி ஏம்மா படுத்தறேன்னாங்க. மெம்பரு வீட்டம்மா ஒரு படி மேல போயி, அவருக்குக் காது கேட்டுருச்சுன்னா நாங்க எங்கக்கா போயிச் சொல்லறதுன்னு கேட்டா. நல்லாக் கேட்டாங்க நாயத்தை. அவங்க ரகசியத்துக்கு ஒரு குழி வேணும், அதுக்கு என் புருசன் செவுடாவே இருக்கணுமாம். அன்னைக்கு வாசல் கதவைச் சாத்துனேன். அக்காவுக்குக் கொழுப்பு ஏறிப்போச்சுன்னு தெருவுல பேசிக்கிட்டாங்க.

கதவைச் சாத்துன நாலாம் நாள், காலையில, இட்லித் தட்டத்தோட நான் அவரு முன்னால போயி நின்னேன். அவரு என்னைய மேலயும் கீழயும் பாத்தாரு. மரியாதையா ஒரு சிரிப்புச் சிரிச்சாரு. அப்புறம் கட்டைவிரலைத் தோளுக்குப் பின்னாடி காட்டிப் புருவத்தைத் தூக்குனாரு.

நீ எந்தப் பட்டறை ஆளு?

நாப்பத்தி நாலு வருசம் குடும்பம் பண்ணுனவளைப் பாத்து. நான் தட்டத்தை வெச்சுட்டு அவருக்குப் பதில் சொல்லக் கையைத் தூக்குனேன், தூக்குன கை அப்படியே நின்னுபோச்சு. எனக்குன்னு சாடை கெடையாது. மொதலாளிக்கு ஒரு சாடை இருக்குது, நொண்டிக் கணக்குப்பிள்ளைக்கு ஒரு சாடை இருக்குது, டீக்கடைக்காரனுக்கு ஒரு சாடை இருக்குது. எனக்கு எதுக்கு இருக்கணும், அவருதான் பேரைச் சொல்லியே கூப்புடுவாரே. சம்பூரணம், சம்பூரணம்னு வாசல்ல வர்றப்பவே ஆரம்பிச்சிருவாரு. தெருவுக்கெல்லாம் நான் அக்கா, எம் பொண்ணுக்கு அம்மா, அந்தப் பேரைச் சொல்றதுக்கு இந்த வீட்ல இருந்த ஒரே ஆளு அவருதான். அவரு பேச்சும் கொறைஞ்சு நின்னப்போ அந்தப் பேரும் நின்னிருக்குது, எப்ப நின்னுச்சுன்னு எனக்கே தெரியல.

எனக்குப் புத்தி கெட்டுப்போச்சு. ஏழு வருசப் பஞ்சுல எங்கயாவது எம் பேரு இருக்கும், அதைக் கொண்டாந்து அவரு காதுல அமுக்கி வெச்சாவாவது தெரியுதான்னு பாக்கலாம்னு தோணுச்சு. கத்திரிக்கோலை எடுத்துக்கிட்டு வீடு வீடாப் போனேன். ஜமால் பாய் மிச்சமிருந்த மூட்டையை அவுத்துக் குடுத்தாரு. மெம்பரு வீட்டுத் தலகாணியைக் கேக்காமலே கிழிச்சேன். மளிகைக்கடை மருமவ தானாவே கொண்டாந்து குடுத்தா. தெருவுல உக்காந்து ஒவ்வொரு துளியாக் காதுல வெச்சுப் பாத்தேன், சனம் சுத்தி நின்னு வேடிக்கை பாத்துச்சு. ஏனுங்க, ஏனுங்க, ஏனுங்க, டீ ஆறுதுங்க, மழை வருதுங்க, உங்களத்தானுங்க, நெஞ்சு வலிக்குதுங்க, ஏனுங்க. சம்பூரணம்னு ஒரு துளி இல்ல. எப்படி இருக்கும்? எந்தக் கிறுக்கியாவது தன் பேரைத் தானே சொல்லிக்கிட்டு இருப்பாளா?

சின்னுசாமி அண்ணன் மட்டும் தலகாணியைக் குடுக்கல. நெஞ்சோட புடிச்சுக்கிட்டு, "இது ஒண்ணுதானுங்க என்னையச் சாப்புட்டயான்னு கேக்குது"ன்னாரு. நான் கத்திரிக்கோலைக் கீழ போட்டுட்டேன். அந்தாளு யாரோ கட்டுன பொண்டாட்டியோட பேச்சைக் கேட்டு நேரத்துக்குச் சாப்புடறாரு. கட்டுனவரு எதுத்தாப்புல உக்காந்துக்கிட்டு எந்தப் பட்டறைங்கறாரு. நான் கேட்டதெல்லாம் கேக்க வேண்டிய கேள்விதான், போய்ச் சேந்த எடந்தான் தப்பு.

வீட்டுக்கு வந்தேன். பொழுது எறங்கறதுக்கு நேரமிருந்துச்சு, தெருவுல எல்லாத் தறியும் ஓடிக்கிட்டு இருந்துச்சு. அவரு வெறும் மேசையில எதையோ திருகிக்கிட்டு இருந்தாரு, கையில ஸ்பேனர் இல்லாமலே திருகுனாரு. அந்தக் கையையே பாத்துக்கிட்டு நின்னேன். அப்புறம் பீரோவைத் தொறந்து அந்த மொச்சைக்கொட்டை ஒண்ணை எடுத்தேன், மேகலா காட்டிக் குடுத்த மாதிரி பேட்டரியைப் போட்டேன், அவரு முன்னால வெச்சேன். மணிக்கட்டைத் திருகிக் காட்டுனேன். ரிப்பேரு.

அவரு நிமிந்து உக்காந்தாரு. ரெண்டு வருசத்துல நான் பாக்காத உக்காருதல் அது. அதை எடுத்து வெளிச்சத்துல காட்டிப் பாத்தாரு, நகத்துல நெருடிப் பாத்தாரு, எங்கிட்ட ஒண்ணும் கேக்கல, பட்டறையில எப்பவும் கேக்க மாட்டாரே. கண்ணை மூடிக்கிட்டுக் காதுல வெச்சாரு. அது ஊய்னு விசிலடிச்சுது, எனக்கே கேட்டுச்சு. அவரு மூஞ்சி சுருங்குச்சு. கோளாறைப் புடிச்சுட்டாரு. சரியா உக்காரலைன்னு தலையாட்டிட்டு, சாமான் பொருத்தற கையால அதை ஒரு திருகு திருகி உள்ள அமுக்குனாரு. விசிலு நின்னுச்சு. கண்ணை மூடியே இருந்தாரு. தெருவுத் தறிச்சத்தம் உள்ள போகுது போல, வெரலு மேசை மேல அதுக்குத் தக்கபடி தட்டுச்சு, ஒரு எடத்துல மட்டும் தட்டாம நின்னு நின்னு தட்டுச்சு. மூணாவது வீட்டுத் தறியில ஊடுநூலை இழுத்துக்கிட்டு ஓடற நாடா சரியா ஓடலன்னு சொன்னாரு. வாயில சொன்னாரு.

ஏழு வருசம் கத்துன வாயி பாருங்க. "கேக்குதுங்களா"ன்னு கேட்டேன், அதுவும் கத்தித்தான் கேட்டேன், பழக்கதோசம்.

"ஏனுங்கம்மா கத்தறீங்க, நல்லாக் கேக்குது"ன்னாரு. கண்ணைத் தொறந்து அதே மரியாதைச் சிரிப்புச் சிரிச்சாரு. "மெஷின் சரியாயிருச்சு. சம்பூரணத்தைக் கொஞ்சம் வரச் சொல்லுங்க, அவகிட்டச் சொல்லணும்."

எம் பேரு அந்த வீட்ல திரும்பவும் கேட்டுச்சு. நாந்தானுங்க சம்பூரணம்னு சொல்ல வாயைத் தொறந்தேன், அவரு கண்ணு என்னையத் தாண்டி வாசலைப் பாத்துக்கிட்டு இருந்துச்சு. அப்ப எனக்கு வந்த கோவத்தை என்னன்னு சொல்றது. அவரு மேலயா, ஊரு மேலயா, தறி மேலயா, கூட்டிக் கூட்டிக் கொட்டுன எங் கை மேலயா, தெரியல. ஓங்கி எதையாவது போட்டு ஒடைக்கணும்போல இருந்துச்சு. ஒடைச்சா நாந்தான் கூட்டணும்.

"வரச் சொல்றேனுங்க"ன்னேன். புழக்கடைக்குப் போயி மூஞ்சியைக் கழுவுனேன். கலைஞ்ச தலையை அள்ளி முடிஞ்சேன். அப்படியே சந்து வழியாச் சுத்திக்கிட்டுத் தெருவுக்குப் போனேன், மெம்பரு வீட்டம்மா அங்கிருந்து பாக்கறா, பாத்துட்டுப் போகட்டும், சாத்தி வெச்சிருந்த வாசல் கதவைத் தொறந்துக்கிட்டு என் வீட்டுக்குள்ள நானே விருந்தாளி மாதிரி வந்தேன்.

"நான் சம்பூரணம் வந்திருக்கேனுங்க"ன்னேன். கத்தல. சாதாரணமாச் சொன்னேன்.

அவரு திரும்பிப் பாத்தாரு. ரொம்ப நேரம் பாத்தாரு. "ஏ சம்பூரணம்"ன்னாரு, "இத்தனை நாளா எங்க போயிருந்தே?"

"இங்கயேதானுங்க இருந்தேன்"னு சொன்னேன். சொல்லிட்டுக் குனிஞ்சு தரையைப் பாத்தேன். ஒண்ணும் விழல.